ஆமை புகுந்த வீடு

கோச்சடையிலிருந்து ஓர் இளைஞர் மடல் விடுத்திருக்கிறார். அடைமழை பெய்த இரவில் அவர் வீட்டு முற்றத்துக்குள் ஓர் ஆமை நுழைந்துவிட்டதாம். அப்பத்தா அலறினாராம். அண்டை வீட்டார் கூடினராம். கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துக் கழிப்புக் கழிக்க வேண்டும் என்று ஒருவர் கூற, அடித்துக் கொன்று முச்சந்தியில் வீசவேண்டும் என்று மற்றொருவர் மொழிய, நம் இளைஞர் குறுக்கே நின்று, "இந்த ஆமை இனி இந்த வீட்டுப் பிள்ளை! மூடநம்பிக்கையை முறியடிக்கும் முரசாக இதை நான் வளர்க்கப் போகிறேன்!" என்று முழங்கினாராம். முழக்கம் முடிந்தது, ஆமை வாளியில் கிடக்கிறது. அது எதைத் தின்னும், எங்கே உறங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. புதிதாக ஆமை வளர்ப்பவனுக்கு வழி கூறுக என்பது மடலின் கடைசி வரி.

வழி கூறுவோம். அதற்கு முன், அந்த முற்றத்திலே கூடியவர்களிடம் சில சொற்கள்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது! பாட்டி சொன்னது, பாட்டிக்கு அவள் பாட்டி சொன்னது, பரம்பரை பரம்பரையாக வந்தது என்று பெருமை பேசுகிறார்கள். வரட்டும். ஆனால் வந்த வழியைப் பார்க்க வேண்டாமா? அமீனா என்பது தமிழ்ச் சொல்லா? அரபு மொழியிலே பிறந்து, பாரசீகத்திலே வளர்ந்து, நவாபு ஆட்சியிலும் வெள்ளையர் நீதிமன்றத்திலும் உலவிய சொல். கடனுக்காகச் சொத்தை ஜப்தி செய்ய வரும் சேவகனின் பெயர். ஆகவே இந்தப் பழமொழி ஆதித் தமிழன் அருளிய ஞானமொழியன்று. கச்சேரியும் கடன் பத்திரமும் நாட்டிலே வேரூன்றிய பின் கட்டி முடித்த மொழி. பழமை என்று கூறி நம் வாயை மூடப் பார்ப்பவர்கள் முதலில் அதன் வயதைக் கணக்கிடட்டும்.

சரி, அமீனா புகுந்த வீடு உருப்படாதுதான். மறுக்கவில்லை. அண்டாவும் குண்டாவும் தெருவுக்கு வந்த வீடு எப்படி உருப்படும்? ஆனால் ஒன்று கேட்கிறோம்: அமீனா முதலில் வந்தாரா, கடைசியில் வந்தாரா? அவருக்கு முன்னே அந்த வீட்டுக்குள் புகுந்தவர் யார்? திண்ணையில் அமர்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டு, "உங்களுக்கு இல்லாததா!" என்று சிரித்தபடியே வெற்றுப் பத்திரத்தில் கைரேகை வாங்கியவர் யார்? வட்டிக்கடைக்காரர்! அவர் புகுந்த வீடு உருப்படாது என்று ஏன் ஒரு பழமொழி இல்லை? அவரைத் தப்பவிட்டு, நீதிமன்றத்தின் ஏவலாளியையும் நீரில் வாழும் ஊமை உயிரையும் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றியிருக்கிறதே இந்த மொழி, இது யாருக்கு வசதி?

2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலே ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நால்வரும் மாண்டனர். கந்துவட்டிக் கொடுமை என்று நாடே பேசிற்று. அந்த வீட்டுக்குள் எந்த ஆமை புகுந்தது? கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடைசெய்ய 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் உறங்க, வட்டி வீட்டில் விழித்திருக்க, நாம் ஆமையைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். குடும்பம் குலைந்ததற்குக் காரணம் கூறும்படி கேட்டால், என்றோ ஒரு மழைநாளில் நுழைந்த ஆமையை நினைவுபடுத்திப் பார்க்கும் வீடுகள் இன்றும் உண்டு. காரணத்தைத் தேடும் சோம்பலுக்கு ஆமை ஓடு நல்ல மூடி.

இனி, ஆமை ஏன் வருகிறது? கோச்சடையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வையைக் கரையில், மதுரைக்கு மேற்கே, வயலும் வாய்க்காலும் தோப்புமாக இருந்த ஊர். அருகிலே மாடக்குளம் கண்மாய். நகரம் மேலக்கால் சாலை வழியே மேற்கு நோக்கி நகர்ந்தது. வயல் மனையாயிற்று, வாய்க்கால் தெருவாயிற்று. மனிதனுக்குப் பட்டா மாறியது. ஆமைக்கு எவரும் தாக்கீது அனுப்பவில்லையே! கோடையிலே சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் வெளிப்பட்டு, நீரைத் தேடி அது நடக்கிறது. நடக்கிற வழியில் வீடு இருக்கிறது. அதுதான் நடந்தது. கோள் இல்லை, குறி இல்லை, குலதெய்வத்தின் கோபமும் இல்லை.

ஒருவேளை பழைய நாளில் ஆமை நுழைந்த சில வீடுகள் உண்மையிலேயே இடிந்திருக்கலாம். எப்படிப்பட்ட வீட்டில் ஆமை நுழையும்? மாடியிலா? கண்மாய்க் கரையில், தாழ்ந்த தரையில், மண்சுவர் எழுப்பி, வாசற்படி வைக்கவும் வசதியற்றவன் கட்டிய குடிசையில் நுழையும். அந்த இடத்தில் ஆமை வருமுன் ஈரம் வந்திருக்கும். ஆமைக்குப் பின் வெள்ளம் வந்திருக்கும். சுவரை இடித்தது நீர். அந்தப் பள்ளத்தில் அவனைக் குடியேற்றியது வறுமை. பழி மட்டும் ஆமைக்கு! மேட்டுத் தெருவிலே கல்வீடு கட்டியவன் வாசலுக்கு ஆமை வருவதில்லை. அதனால் அவன் புண்ணியவான் ஆகிறான். பள்ளத்தில் வாழ்பவன் பாவி ஆகிறான். மேடு பள்ளம் வகுத்தது யார் என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு பழமொழி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆமைகளுக்கும் பழமொழி கூறத் தெரிந்தால் என்ன கூறும்? மதுரையைச் சுற்றிப் பாருங்கள். தல்லாகுளம் என்கிறோம், குளம் பெயரில் இருக்கிறது. உலகனேரி என்கிறோம், அங்கே 2004-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுந்தது. நீதிமன்றம் வந்தது நாட்டுக்கு நல்லது, நாமும் வரவேற்றோம். ஆனால் ஏரியின் பெயர் தாங்கிய நிலத்தில் அமீனாக்களின் தலைமையகமே புகுந்துவிட்டதே, இதை ஆமை எந்தக் கோடாங்கியிடம் சென்று முறையிடும்?

பண்டிதர் சிலர் உண்டு. பழமொழியைப் பழித்தால் பதறுவார்கள். "உட்பொருள் உணராமல் பேசாதீர்! ஆமை என்றால் ஆமையன்று. கல்லாமை, இயலாமை, பொறாமை! இவை புகுந்த வீடு உருப்படாது என்றனர் முன்னோர்" என்பார்கள். இன்னும் சிலர், அது ஆம்பி, அதாவது காளான்; ஈர வீட்டில் காளான் பூக்கும், அதுவே ஆமையாகத் திரிந்தது என்று ஆராய்ந்து கூறுவார்கள். ஆராயட்டும். காளான் கதையில் கொஞ்சம் கருத்தாவது இருக்கிறது. ஆனால் கோச்சடை முற்றத்திலே கட்டையைத் தூக்கியவன், பொறாமையை அடிக்கவா தூக்கினான்? அவன் கண் முன்னே நான்கு காலோடு ஓர் உயிர் நின்றது, அதைத்தான் ஓங்கினான். பழமொழியைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும் பண்டிதர்கள், ஆமையைக் காப்பாற்ற ஒரு வரி எழுதினார்களா?

வேடிக்கை இதோடு முடியவில்லை. உயிருள்ள ஆமை வீட்டுக்கு வந்தால் கேடு. அதே ஆமை பித்தளையில் வந்தால்? தட்டில் நீர் ஊற்றி, வடக்கே முகம் வைத்து, கூடத்திலே குடியேற்றுகிறார்கள், செல்வம் கொழிக்குமாம்! சீனத்து வாஸ்து என்று பெயர் சொல்லி, கடைகளில் கண்ணாடி ஆமை, கல் ஆமை, விரலுக்கு ஆமை மோதிரம் என்று விற்பனை அமோகம். மோதிரத்து ஆமையின் தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்குச் சோதிடர் தனியாகக் கட்டணம் வாங்குகிறார். புராணத்துக்குப் போனாலோ, பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலையை முதுகிலே தாங்கியது ஆமை. அது திருமாலின் கூர்ம அவதாரம்! ஆந்திரத்துச் சீகாகுளம் மாவட்டத்தில் ஸ்ரீகூர்மம் என்ற ஊரில் அதற்குக் கோயிலே இருக்கிறது. அந்த வளாகத்திலே உயிருள்ள நட்சத்திர ஆமைகளை வளர்க்கிறார்கள். கோயிலில் கடவுள், கடையில் அதிர்ஷ்டம், வீட்டில் பீடை! ஒரே உயிருக்கு மூன்று ஜாதகம். எந்த ஜாதகமும் அதைக் கேட்டு எழுதப்பட்டதன்று. வள்ளுவர் ஒருவர்தான் ஆமையை ஆமையாகப் பார்த்தார். உறுப்புகளை ஓட்டுக்குள் ஒடுக்கும் அதன் இயல்பைக் கண்டு, ஐம்பொறியை அடக்குவோனுக்கு உவமை ஆக்கினார். பீடை என்று அவர் கருதியிருந்தால் குறளுக்குள் அது நுழைந்திருக்குமா?

கேடு என்ற நம்பிக்கை ஆமையைக் கல்லால் அடிக்கிறது. அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை அதைப் பெட்டியில் அடைக்கிறது. இரண்டில் பின்னது பெரிய கொலையாளி. கரிய ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை, தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும், வடமேற்கே குசராத்து, இராசத்தான் பகுதிகளிலும், இலங்கையிலும் புதர்க்காடுகளில் வாழ்வது. அழகுதான் அதற்கு ஆபத்து. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் ஒரே ஒரு வணிகக் களத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் குஞ்சுகள். துணிப்பையிலும் பெட்டியிலும் திணித்து வானூர்தி ஏற்றுகிறார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று நம்பும் அயல்நாட்டு, உள்நாட்டுக் கனவான்களுக்காக! 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், இந்த ஆமையின் பன்னாட்டு வணிகத்தை முற்றிலும் தடுக்கும் முதற்பட்டியலில் அதைச் சேர்த்தன. அதற்கு முந்திய ஆண்டு, சிங்கப்பூருக்குக் கடத்தப்பட்டுப் பிடிபட்ட 51 ஆமைகள் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. 55,000 எங்கே, 51 எங்கே!

இனி, கோச்சடைத் தோழருக்கு. நீங்கள் கட்டையின் குறுக்கே நின்றீர்கள், பாராட்டுகிறோம். ஆனால் அடுத்த அடியில் இடறுகிறீர்கள். "மூடநம்பிக்கைக்கு எதிரான முரசு" என்கிறீர்களே, ஆமை முரசாகுமா? அப்பத்தா அதைப் பீடை என்றார். நீங்கள் அதைப் பிரசாரம் என்கிறீர்கள். வாளியில் கிடக்கும் அதற்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஊராருக்குக் காட்டுவதற்காக ஓர் உயிரைச் சிறைவைப்பது, பகுத்தறிவின் பெயரால் நடந்தாலும் சிறைதான். அறிவுக்கு அடையாளம் தேவையென்றால், முதலில் அந்த ஆமை இன்னதென்று அறியுங்கள்.

மேலோடு வழுவழுப்பாக, பசுமை கலந்த பழுப்பாக இருக்கிறது, கழுத்து நீளம், அடிப்புறத்திலே பின்னங்கால்களைக் கதவுபோல் மூடிக்கொள்ளும் தோல் மடிப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாலாமை. நம் குளம் குட்டைகளின் குடிமகன். நத்தை, தவளை, மீன், நீர்ப்பூண்டு, அழுகிய உடல் எல்லாம் அதன் உணவு. குளத்துக்கு அது சம்பளம் வாங்காத துப்புரவுத் தொழிலாளி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. நட்சத்திர ஆமையும், 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பின், அதே அட்டவணையில்தான். புலிக்கு உள்ள பாதுகாப்பே பாலாமைக்கும். பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மீறினால் குறைந்தது 3 ஆண்டு, மிகுந்தால் 7 ஆண்டு சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆமையை வீட்டில் வைத்துக்கொண்டால் அமீனாவுக்குப் பதில் காவலர் வருவார்! அப்போது அப்பத்தா, "சொன்னேனே!" என்பார். அந்த வெற்றியை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டம் உங்களிடம் கேட்பது கடினமானதன்று. காட்டு உயிர் ஒன்று கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவியுங்கள். அவர்கள் வரும்வரை வாளியை விட்டு, அகன்ற தொட்டிக்கு மாற்றுங்கள். ஓடு நனையும் அளவு நீர் போதும், ஏறி அமர ஒரு செங்கல் வையுங்கள், நிழலில் வையுங்கள். சோறும் பாலும் ஊற்றிப் பாசம் காட்ட வேண்டாம்; இரண்டு நாள் உண்ணாவிட்டால் ஆமை சாகாது. தூக்கும்போது பின்புறமாக இரு கையாலும் பிடியுங்கள். பாலாமையின் கழுத்து நீளும், கடிக்கவும் கடிக்கும். மல்லாத்திப் போட்டுப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டாதீர்கள். எந்தக் கண்மாயில் விடுவது என்பதை வனத்துறையினர் கூறட்டும். பெரும்பாலும் அது வந்த கண்மாய்க்கே போகும்.

ஆமை வளர்த்தே தீரவேண்டும் என்ற ஆசை இன்னும் அடங்கவில்லையென்றால், கடைகளில் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் பச்சைக் குஞ்சு நினைவுக்கு வரும். கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கோடு உடையது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்காரன். சிவப்புக்காது ஆமை என்பர். நம் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் அது இல்லை, ஆகவே விற்கிறார்கள். எட்டணாக் காசு அளவில் வாங்கி, தட்டு ஒன்றில் நெகிழிப் பனைமரம் நட்டு, அதிலே விட்டு, "அப்படியே இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வருகிறார்கள். அப்படியே இராது. உயிர் பிழைத்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும். 20, 30 ஆண்டு வாழும். வாங்குகிறவன் கல்லூரி மாணவனென்றால், அவன் மகன் கல்லூரிக்குப் போகும்போதும் அது இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பல பேர் இருப்பார்கள். அந்த உயிர்களை நினைத்து இதையும் எழுதுகிறோம். நீந்தத் தாராளமான நீரும், முழுக்க உலர்ந்து ஏறி நிற்க ஒரு மேடையும் தொட்டியில் வேண்டும். காலை வெயில் நேராக உடலில் படவேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது, எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மதுரை நண்பகல் வெயிலில் நிழலின்றி வைத்தால் வெந்து சாகும். கடையில் விற்கும் உருண்டைத் தீனி மட்டும் போதாது. வளர வளரக் கீரையும் நீர்ச்செடியும் மிகுதியாக வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைத் தொட்டியில் போடுங்கள். கண் வீங்கினால் உயிர்ச்சத்துக் குறைவு, ஓடு மெத்தென்றானால் சுண்ணாம்பும் வெயிலும் குறைவு, ஒரு பக்கம் சாய்ந்தே மிதந்தால் நுரையீரலில் கோளாறு என்று ஐயுற்றுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; கோடாங்கியிடம் அன்று. தொட்டதும் சவுக்காரமிட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா என்னும் குடற்காய்ச்சல் கிருமி ஆமைத்தோலில் இருக்கும்; அதனால்தான் அமெரிக்காவே 1975-இல் நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதைத் தடுத்தது. சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: சலித்துப்போனதும் அதை வையையிலோ வண்டியூர்த் தெப்பக்குளத்திலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள்! அது நம் நீரில் பெருகினால் பாலாமையின் உணவையும் இடத்தையும் பறிக்கும். திருச்சூர்ப் பக்கம் வாய்க்காலில் இவ்வாமை அகப்பட்டபோது கேரளத்து வன ஆராய்ச்சி நிலையம் எச்சரிக்கை விட்டது. வளர்ப்போர் தம்மிடம் கொணர்ந்து ஒப்படைக்கலாம் என்றும் கேட்டது. வளர்க்க இயலாதவர்கள் வனத்துறையைக் கேட்டு ஒப்படையுங்கள். இன்னும் வாங்காதவர்கள் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆப்பிரிக்கத் தரையாமை போன்ற, பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் அடங்கிய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், 2024-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

தோழரே, அப்பத்தாவோடு சண்டை வேண்டாம். ஆமையை வனத்துறையினர் எடுத்துச் செல்லும்போது அவரையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். கதவுபோல் கால் மூடும் அந்த மடிப்பைக் காட்டுங்கள். பார்த்தால் அவருக்கே வியப்பாக இருக்கும். பிறகு அமைதியாக உட்கார்ந்து, வீட்டில் யாரிடம் எவ்வளவு கடன் இருக்கிறது, நூற்றுக்கு மாதம் என்ன வட்டி, வெற்றுத்தாளில் கையொப்பம் ஏதேனும் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என்ன செய்யலாம் என்று அடுத்த இதழில் விடை தருகிறோம்.